மலை இடப்பக்கம் வந்த பௌர்ணமி

என் நாத்தனாருக்கு முட்டி போனதால்தான் எனக்குப் போன் வந்தது. கேட்க நன்றாக இல்லை, தெரிகிறது. ஆனால் நடந்த வரிசை அதுதான். முதலில் முட்டி போனது, பிறகு போன் வந்தது, அதற்கும் பிறகு நான் பேச ஆரம்பித்தேன்.

நாத்தனார் என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. அண்ணி என்று கூப்பிடுவேன். கூப்பிடுவேன் என்பதே கொஞ்சம் ஜாஸ்தி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் பேசுவார், நான் தலையாட்டுவேன். நாற்பது வருஷத்தில் அவரிடம் நான் வாய் திறந்து சொன்னதை எல்லாம் சேர்த்தால் ஒரு போஸ்ட் கார்டில் எழுதிவிடலாம், விலாசத்துக்கு இடம் மிச்சம் இருக்கும். என் வீட்டுக்காரர் போன பிறகும் அந்தப் பழக்கம் மாறவில்லை. நான் செங்கம் ரோட்டை ஒட்டிய சந்தில் ஒண்டியாக இருக்கிறேன். அண்ணி வேங்கிக்காலில் மகளோடு புது வீட்டில் இருக்கிறார். மகள் என்னை அத்தை என்பாள். அவளும் அம்மாவைப் போலவே வேகமாகப் பேசுவாள். ஆனால் நடுவில் மூச்சு விடுவாள்.

அண்ணியின் மகன் பைக்கில் போகும்போது அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அண்ணி வாசலில் நின்றபடியே வேண்டிக்கொண்டார். பையன் எழுந்து உட்கார்ந்தால் பன்னிரண்டு பௌர்ணமி மலையைச் சுற்றுகிறேன் என்று. பையன் எழுந்து உட்கார்ந்தான், ஓசூரில் வேலைக்கும் போய்விட்டான். அண்ணி சுற்ற ஆரம்பித்தார். ஒன்பது முடிந்தது. ஒன்பதுக்கும் நான் இரண்டடி பின்னால் போனேன். பத்தாவதில் அடி அண்ணாமலை தாண்டவில்லை, வலது முட்டி பூட்டிக்கொண்டது. ஆட்டோவில் ஏற்றி அனுப்பினோம். ஏறும்போதே, "இது கணக்குல சேராதுடி, மூணு பாக்கி" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினார்.

டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, முட்டியை மாற்ற வேண்டும், தள்ளிப்போட்டால் பாரம் தாங்கித் தாங்கி அடுத்த காலும் போய்விடும் என்றார். அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை. பயம் இல்லை அவருக்கு. நியாயம் பேசினார்.

"வேண்டிக்கிட்டது இந்த முட்டி. சுத்த வேண்டியதும் இந்த முட்டி. எவனோ ஃபேக்டரில செஞ்ச முட்டிய வெச்சிக்கினு சுத்தினா, புண்ணியம் அத செஞ்சவனுக்குத்தான் போவும். பாக்கி மூணையும் முடிச்சிட்டு வர்றேன், அப்புறம் அறுங்க."

"எப்படிம்மா முடிப்ப? பாத்ரூமுக்கே நடக்க முடியல" என்றாள் மகள்.

"அது என் பாடு."

அது அவர் பாடாக இல்லை. மறுநாள் காலையில் நான் போனபோது பார்த்தேன். அவ்வளவு பெரிய மனுஷி, தரையில் உட்கார்ந்து, கையை ஊன்றி ஊன்றி, பின்னால் நகர்ந்து பாத்ரூமுக்குப் போய்க்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "இன்னா பாக்குற? தொடச்ச தரைதான்" என்றார். நான் தலையாட்டினேன். மகள் அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அந்தக் குழாய் சத்தத்துக்குள்தான் நான் அந்த யோசனையைச் சொன்னேன். ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்த வருஷத்தில் பெங்களூரில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம் நடந்தது. அண்ணி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, டிவி ஸ்டாண்டில் சாத்தி வைத்த போனில் தாலி கட்டுவதைப் பார்த்து, போன் மேலேயே அட்சதை போட்டார். அரிசி சார்ஜர் ஓட்டைக்குள் போய் மாட்டிக்கொண்டு குண்டூசியால் எடுத்தார்கள். அந்தக் கல்யாணம் செல்லும் என்றால் போனில் மலை சுற்றுவதும் செல்லாதா என்று கேட்டேன். அது சரியா என்று என்னைத் திருப்பிக் கேட்டிருந்தால் நானே தப்பு என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் சொல்ல ஓடிவிட்டாள்.

அண்ணி இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் சரி என்றார். நான் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியது, அவர் வேங்கிக்காலில் உட்கார்ந்து கூடவே வரவேண்டியது. மூன்று பௌர்ணமி முடிந்த மறுவாரம் ஆஸ்பத்திரி. பேச்சு பேச்சுதான்.

இப்படியாக, மகளுடைய பழைய போன், ஒரு மூலையில் கண்ணாடி கீறல் விட்டது, என் கைக்கு வந்தது. அதற்கு முன்னால் என்னிடம் இருந்தது பட்டன் போன். அதில் யார் கூப்பிட்டாலும் அடித்து ஓய்ந்த பிறகுதான் எடுப்பேன்.

முதல் பௌர்ணமிக்கு எப்போதும் போல ராத்திரிக் கூட்டத்தில் போகாமல், திதி இருக்கும்போதே காலையில் புறப்பட்டேன். கூட்டம் கம்மி, மலையும் தெரியும். கோபுரத்துக்கு முன்னால் நின்றதும் போனில் அண்ணி வந்தார். குளித்து, மஞ்சள் பூசி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் வெறும் தரையில்.

"போனுக்கு இன்னாடி அது, கறுப்பா போட்டிருக்க?"

"உறை, அண்ணி."

"தோலா?"

"தோல் மாதிரி இருக்கு."

"செருப்பு போட்டுக்கினு மலைய சுத்துவாங்களா? கழட்டு."

கழற்றினேன். போன் வெறுங்காலோடு வந்தது. அதோடு விடவில்லை. வாசலில் விபூதி எடுத்துப் போனுக்கும் பூசச் சொன்னார். எங்கே பூசுவது? முன்பக்கம் அண்ணியின் முகம் இருக்கிறது, அதனால் பின்பக்கம் மூன்று விரலால் பட்டையாகப் பூசினேன்.

"மேகம் எறங்கிட்டுதுடி, ஒண்ணும் தெரியல. மழ வருதா?"

வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. பின்னால் படம் எடுக்கிற கண்ணை விபூதி மூடிவிட்டது என்று புரிய எனக்கு இந்திர லிங்கம் வரைக்கும் ஆயிற்று. முந்தானையால் துடைத்தேன். "ஆங், மேகம் கலஞ்சிட்டுது" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் நடக்கவில்லை. அண்ணி என்னை ஓட்டினார்.

"எடப்பக்கமா போ. வலப்பக்கம் சித்தருங்க போற வழி." எல்லாருக்கும் தெரிந்ததுதான். மலையை ஒட்டிய பக்கத்தைச் சித்தர்களுக்கு விட்டுவிட்டு மனுஷர் இடது ஓரமாகப் போக வேண்டும். அந்த நேரம் சித்தர்கள் பக்கத்தில் ஒரு தண்ணீர் லாரி போய்க்கொண்டிருந்தது.

"ஆட்டாத. எனக்கு வாந்தி வருது."

"அந்தப் பச்சப் பொடவ யாரு? நம்ம மளிகக் கடக்காரர் பொண்டாட்டி மாதிரி கீது. கிட்ட போ. ஐய, இல்ல. திரும்பு."

"நிக்காத. டீ கடையா? கெளம்பி அர மணி ஆவல, அதுக்குள்ள டீயா?"

ஆசிரமம் பக்கம் வரும்போது எனக்குத் தலை சுற்றியது. இதற்கு முன்னால் ஒன்பது தடவையும் அவர் என் முன்னால் நடந்தார். நான் பின்னால் எதை வேடிக்கை பார்த்தேன், எங்கே நின்றேன், எந்தக் கடையில் ஒரு ரிப்பன் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன் என்று அவருக்குத் தெரியாது. இப்போது அவர் கண் என் கையில் இருந்தது. நான் பார்ப்பதை எல்லாம் அவரும் பார்த்தார். எனக்கு முன்னால் பார்த்தார்.

டீக்கடைக்கு எதிரில் சிமெண்ட் கட்டையில் உட்கார்ந்து போனை வைத்துத் தடுமாறிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரம்மா. காட்டன் புடவை, வெறுங்கால், என் வயசு இருக்கும். நான் அவதிப்படுவதைப் பார்த்துவிட்டு, ஏதோ உதவி என்று நினைத்து, விரலை நீட்டிப் போனில் வளைந்த அம்பு போட்ட ஒரு பட்டனை அமுக்கினார். மலை போய்விட்டது. என் முகம் வந்தது. அந்தம்மா சிரித்தார், நானும் சிரித்தேன். இரண்டு பேருக்கும் பேச்சு வராது, ஒரே ஜாதி.

"இன்னாடி இது? மலைய காணோம், உன் மூஞ்சி வந்துட்டுது?"

"தெரியல அண்ணி. அதுவா மாறிட்டுது."

இது பொய். எனக்கு எந்தப் பட்டன் என்று தெரியும். இன்னொரு தடவை அமுக்கினால் மலை வந்துவிடும் என்றும் தெரிந்துவிட்டது. அமுக்கவில்லை. போனைக் கொஞ்சம் கீழே இறக்கி, மோவாய்க்கு நேராகப் பிடித்தேன். இப்போது அண்ணிக்குத் தெரிந்தது என் மூக்கும் அதற்கு மேல் ஆகாயமும் மட்டும். கடை தெரியாது, ரோடு தெரியாது, டீ கிளாஸ் தெரியாது. ஒரு டீ வாங்கி, இரண்டு பிஸ்கட்டும் தோய்த்துத் தின்றேன்.

"இன்னாத்த மெல்லுற?"

"சுலோகம் சொல்றேன் அண்ணி."

"சத்தமா சொல்லு, எனக்கும் கேக்கட்டும்."

பிஸ்கட்டை முழுங்கிவிட்டுச் சத்தமாகச் சொன்னேன்.

அடி அண்ணாமலையில் சிக்னல் நின்றுவிட்டது. பகலிலேயே அத்தனை பேர் கையிலும் போன். படம் உறைந்துபோய், மறுபடி வந்தபோது அண்ணி கோபமாக இருந்தார். நான் வாயைப் பிளந்தபடி அப்படியே நின்றுவிட்டேனாம், பத்து நிமிஷமாக என் பல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம். நின்ற இடத்திலிருந்து மறுபடி நடந்து வரச் சொன்னார். திரும்பிப் போவது போல முகத்தை வைத்துக்கொண்டு முன்னாலேயே நடந்தேன். மூக்கைப் பார்த்து எந்தப் பக்கம் போகிறது என்று யார் கண்டுபிடிக்க முடியும்?

குபேர லிங்கம் தாண்டி இடுக்குப் பிள்ளையார் வந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சின்னக் கல் கோயில், ஒரு ஆள் ஒருக்களித்துத் தவழ்ந்து இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வரலாம், அவ்வளவுதான் வழி. பிணி தீரும் என்பார்கள். அண்ணியின் உடம்புக்கு அந்த வழி ஆகாது. ஒன்பது தடவையும் வெளியே நின்று கும்பிட்டுவிட்டு, நான் தவழ்ந்து வருகிற வரைக்கும் என் பையை வைத்துக்கொண்டு நிற்பார். முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொள்வார்.

"அண்ணி, உள்ள போலாமா?"

போனில் முகத்தை வேறு பக்கம் திருப்பினார். அப்புறம் மெதுவாக, "போ" என்றார்.

போனை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் தவழ்ந்தேன். அண்ணி எனக்கு ஒரு முழம் முன்னால் போனார். உள்ளேயிருந்து, "ஐயோ இருட்டிட்டுது! நசுக்குதுடி! என்ன விட்டுடாதடி!" என்று அலறல். எனக்குப் பின்னால் வந்தவர், உள்ளே யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்று என் காலைப் பிடித்து இழுக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு வழியாக வெளியே வந்து போனை எடுத்தபோது அண்ணிக்கு வேர்த்திருந்தது. வேங்கிக்காலில், ஃபேனுக்கு அடியில்.

"வந்துட்டேனா?"

"வந்துட்டீங்க அண்ணி."

"ஒல்லியாத்தான் கீறேன் போல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

இரண்டாவது பௌர்ணமிக்குப் புறப்பட்ட நிமிஷத்திலிருந்தே என் மூக்குதான். மறுபடி கெட்டுவிட்டது என்று சொன்னேன். அந்தப் பதினான்கு கிலோமீட்டரில்தான் எனக்குப் பேச்சு வந்தது. எப்படி என்று எனக்கே ஆச்சரியம். நேரில் அண்ணி என்றால் ஒரு கதவு அகலம், கதவை அடைத்து நிற்பார். போனில் என் உள்ளங்கை அளவுதான். திட்டினால் கையை இடுப்புக்கு இறக்கிவிட்டு, "கை வலிக்குது அண்ணி" என்று சொல்லலாம். எங்கள் கல்யாணத்துக்கு அவர் கொடுத்த இரவல் வளையலில் ஒன்றைத் தொலைத்தது எலி இல்லை, நான்தான் என்று சொன்னேன். அவருடைய கத்திரிக்காய்க் குழம்பு எனக்கு ஒரு நாளும் பிடித்ததில்லை என்றும் சொன்னேன்.

"நாப்பது வருசமா ரெண்டு தபா வாங்கித் தின்னியேடி!"

"மொத தபா போட்டத சீக்கிரம் முடிச்சிட்டா நீங்க ரெண்டாந்தபா போடுவீங்க, அண்ணி."

படம் ஆடியது. சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன். பார்த்தால் அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் தெரு மண்டபத்தில் ஒருநாள், விஞ்ஞானம் மனுஷனுக்கு நல்லது செய்ததா கெட்டது செய்ததா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து மைக்கில் கத்தினார்கள். நான் கடைசி வரிசையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தேன். என்னைக் கேட்டிருந்தால், எதை எந்தப் பக்கம் திருப்பிப் பிடித்திருக்கிறீர்கள் என்று முதலில் கேட்டிருப்பேன். யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் தலையாட்டியிருப்பேன்.

திருப்பிப் பிடித்தது மூன்றாவது பௌர்ணமியில் வினையாக வந்தது.

பாவம் அண்ணியின் மகள். அம்மா வழி முழுக்க அத்தையின் மூக்கையே பார்க்கிறாரே என்று ஒரு குச்சி வாங்கிக்கொடுத்தாள். நுனியில் போனை மாட்டி, நீட்டிப் பிடித்தால் படம் தூரமாக, அகலமாக வரும். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நேரில் ஆயிற்றே. குச்சியோடு போனேன். போகிறவர்கள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள். வெட்கத்தில் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு நடந்தேன்.

யம லிங்கம் தாண்டியதும் அண்ணி கேட்டார்.

"மலை எந்தப் பக்கம்டி கீது?"

"வலப்பக்கம் அண்ணி." வேறெந்தப் பக்கம் இருக்கும்? வலமாகத்தானே வருகிறோம்.

"எனக்கு எடப்பக்கம் தெரியுது."

நான் நின்றுவிட்டேன். குச்சி நுனியில் பார்த்தேன். நான் அவரைப் பார்த்துக்கொண்டு வருகிறேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டு வருகிறார். என் வலது தோளுக்குப் பின்னால் மலை. எதிரே இருந்து பார்க்கிறவருக்கு அது இடது.

"நீ முன்னாடி பாத்து நடக்கற. அப்போ நான் எந்தப் பக்கமா வர்றேன்?"

குச்சியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன்.

"வாயத் தொறடி."

"பின்பக்கமா, அண்ணி."

"முதுகு காட்டிக்கினா?"

"ஆமா."

"அதான் ஒவ்வொரு லிங்கமும் தாண்டின பொறவு தெரியுதா! நானும் பாக்கறேன், வர்ற கோயில் தெரியல, போற கோயில்தான் தெரியுது. மலைய எடப்பக்கம் வெச்சிக்கினு, பின்னாடி பின்னாடி... வூட்டுல தரைல போற மாதிரியேவா என்ன இங்கயும் கூட்டிட்டுப் போன?"

அந்தக் கடைசி வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. தொடச்ச தரைதான் என்று அவர் சொன்ன காலைவேளை ஞாபகம் வந்தது.

அவர் கணக்குப் போட்டார். இன்றைக்கு வந்தது சேராது. போன பௌர்ணமி முழுசும் சேராது. முதல் பௌர்ணமியில் ஆசிரமம் வரைக்கும்தான் நேராக வந்தது, பாக்கி சேராது. "ஆக மொத்தம் ஒண்ணும் சேராது. இந்தப் போன நம்பி மோசம் போனேன். மூணும் அப்படியே நிக்குது. நானே வந்து நடந்து முடிக்கறேன். அதுவரைக்கும் எந்த டாக்டரும் என் கால தொடக்கூடாது."

பக்கத்தில் அவர் மகளின் குரல் கேட்டது. "அம்மா, அடுத்த வாரம் அட்மிஷன் போட்டாச்சும்மா." அழுகிற குரல்.

என் கட்டைவிரல் அந்த வளைந்த அம்புக்கு மேல் இருந்தது. ஒரு அமுக்கு. மலை வலப்பக்கம் வந்துவிடும். ஆனால் அமுக்கினால், இந்தப் பட்டன் எப்போதிலிருந்து உனக்குத் தெரியும் என்று கேட்பார். தெரிந்தே திருப்பினேன் என்றால் அது ஒரு தனிச் சண்டை. சண்டை முடிந்ததும், சரி, அப்படியானால் இந்தப் பக்கம் வைத்து முதலிலிருந்து மூன்று பௌர்ணமி என்பார். இன்னும் மூன்று மாதம் தரையில் நகருவார். அடுத்த முட்டியும் போகும். ஒரு டீக்கும் இரண்டு பிஸ்கட்டுக்கும் ஆசைப்பட்டு அவருடைய முட்டியை நான் கெடுத்து வைத்திருக்கிறேன்.

விரலை எடுத்தேன். சிமெண்ட் கட்டையில் உட்கார்ந்தேன். குச்சியை மடக்கி, அண்ணியைக் கிட்டத்தில் கொண்டுவந்தேன். உள்ளங்கை அளவுதான், உள்ளங்கை அளவுதான் என்று சொல்லிக்கொண்டேன்.

"அண்ணி, ஒண்ணு கேக்கட்டா?"

"இன்னாடி?"

"பல்செட் போட்டுத்தானே பொங்கல் தின்றீங்க. அது யாரு வயித்துக்குப் போவுது? பல்லு செஞ்சவன் வயித்துக்கா?"

விடாமல் அடுத்ததையும் கேட்டேன்.

"கண்ணாடி போட்டுக்கினுதானே சாமி பாக்கறீங்க. கண்ணாடிக் கடக்காரரா பாக்கறாரு?"

"ரொம்பப் பேசற நீ."

"இந்தப் போனு உங்கள முதுகு காட்ட வெச்சிட்டுது. ஒத்துக்கறேன். அந்த முட்டி அப்படி வெக்காது அண்ணி. நீங்க எந்தப் பக்கம் போவணும்னு சொல்றீங்களோ அந்தப் பக்கந்தான் போவும். மலை வலப்பக்கந்தான் இருக்கும். மூணையும் நீங்களே நடங்க. நான் ரெண்டடி பின்னாடி வர்றேன்."

இவ்வளவு நீளம் நான் என் வீட்டுக்காரரிடம்கூடப் பேசியதில்லை. போனில் அண்ணி பல்செட்டை நாக்கால் ஒரு தடவை தள்ளிப் பார்த்துக்கொண்டார். அப்புறம் திரும்பி மகளைக் கேட்டார்.

"அந்த முட்டி மடங்குமா?"

"மடங்கும்மா."

"சுத்த எத்தன மாசம் ஆவும்?"

நான் போனை அணைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். டீக்கடைக்குப் போய் இரண்டு டீ குடித்தேன்.

அடுத்த வாரமே முட்டி மாற்றினார்கள். பார்க்கப் போனபோது கட்டிலில் உட்கார்ந்து, காலை நீட்டி, போனில் ஓசூருக்குப் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வா" என்றார். நான் தலையாட்டினேன். நேரில் ஆயிற்றே.

ஒன்பது மாதம் கழித்துத்தான் சுற்ற விட்டார்கள். டாக்டர் ஷூ போட்டு நடக்கச் சொன்னார். அண்ணி சாக்ஸ் மட்டும் போட்டார். சாக்ஸில் தோல் இல்லையாம். ஒவ்வொரு லிங்கத்திலும் கால் மணி உட்கார்ந்து, காலையில் புறப்பட்டுச் சாயங்காலம் வரைக்கும் ஆயிற்று. ஆனால் நடந்தார். பத்து முடிந்தது, பதினொன்று முடிந்தது. பன்னிரண்டாவதில் எனக்குப் பின்னால் வர முடியவில்லை. என் முட்டி பிறக்கும்போது வந்ததுதானே, அது நோக ஆரம்பித்துவிட்டது. அண்ணி திரும்பிப் பார்த்து, "மாத்திக்கறியா?" என்றார்.

"வேணாம் அண்ணி."

"யாரு வயித்துக்குப் போவுதுன்னு யோசிக்கறியா?"

தலையைக் குனிந்துகொண்டேன்.

இடுக்குப் பிள்ளையார் வந்தது. முட்டி மாற்றினவர்கள் மண்டியிடக்கூடாது, தவழக்கூடாது என்று டாக்டர் திட்டமாகச் சொல்லியிருந்தார். பத்தாவதிலும் பதினொன்றாவதிலும் அண்ணி பழையபடி வெளியே நின்று கும்பிட்டார். பழையபடி என் பையை வாங்கிக்கொண்டார். இந்தத் தடவையும் பையை வாங்கினார். வாங்கிக்கொண்டு, தன் இடுப்பிலிருந்து போனை எடுத்து, என் போனுக்கு அடித்தார். எதிரெதிரே நின்றுகொண்டு இரண்டு பேரும் போனில் பேசினோம்.

"என்ன உள்ள கூட்டிட்டுப் போ."

"சரி அண்ணி."

"உறைய கழட்டு."

கழற்றினேன்.

"அந்த வளஞ்ச அம்பு பட்டன அமுக்கு. எதுன்னு உனக்குத் தெரியும். உன் மூக்க நான் ஒண்ணர பௌர்ணமி பாத்தாச்சு."

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை, போனில் பார்த்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு மகளிடம் எல்லாப் பட்டனையும் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். இத்தனை மாதமாக ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"எப்ப தெரியும் அண்ணி?" என்றேன், போனைப் பார்த்து.

"நீ பிஸ்கட்டு தின்னியே, அது எப்பவோ தெரியும். சுலோகத்துக்கு யாரும் தாடைய அப்படி ஆட்ட மாட்டாங்க. பின்னாடி ஆளு நிக்கறாங்க, போடி."

பட்டனை அமுக்கினேன். போனை முன்னால் தள்ளிவிட்டுத் தவழ்ந்தேன். உள்ளே இருட்டு. கல் குளிர்ச்சியாக இருந்தது. எனக்கு ஒரு முழம் முன்னால் அண்ணி போய்க்கொண்டிருந்தார், முகம் போகிற பக்கம் இருந்தது. வெளியே நின்ற அண்ணியும் போனில் இருந்த அண்ணியும் ஒரே சமயத்தில், இரண்டு பக்கத்திலிருந்தும் அலறினார்கள்.

"நசுக்குதுடி!"